சீனியர் போட்டோவா? முதலில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்

என் மூத்த மகளின் பன்னிரண்டாம் வகுப்புப் படம் ஒன்று அலமாரியின் கீழ்த்தட்டில், வந்த கவரோடு அப்படியே கிடக்கிறது. 2016இல் காசு கொடுத்து எடுத்தது. எடுத்தவர் நல்ல மனிதர். கேமராவும் என்னுடையதைவிட உசத்தி. ஆனால் அவளை ஒரு மரவேலியில் சாய்த்து நிறுத்தி, கையில் கிதாரைக் கொடுத்துவிட்டார். அவளுக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஆறு வருடமாகப் பள்ளி பேண்டில் வாசித்தது கிளாரினெட். "கிதார்தான் படத்தில் எடுப்பாக இருக்கும்" என்றாராம். பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவள் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறது, யாருடையது என்றுதான் தெரியவில்லை.

அதே மாதம் ஒரு சாயங்காலம் பின்வாசல் படியில் உட்கார்ந்து கிளாரினெட்டின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டிருந்தாள். வாசிக்கும் முன், நாதஸ்வரத்துச் சீவாளி மாதிரி அதில் இருக்கும் ரீடை வாயில் வைத்து ஈரமாக்குவார்கள். அதனால் அவளால் பேச முடியவில்லை. சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டேன். புருவத்தை மட்டும் தூக்கினாள். விரல்கள் நிற்கவேயில்லை. என் பழைய நிக்கானில் ஒரே ஒரு கிளிக். இன்று கூடத்தில் மாட்டியிருப்பது அதுதான்.

அந்த இரண்டு படங்களுக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் 2017இலிருந்து சனி, ஞாயிறுகளில் இந்த வேலையைச் செய்கிறேன். இருப்பது டெக்சாஸில், டல்லாஸுக்கு வடக்கே பிளேனோ பக்கம். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்க் குடும்பங்கள். பிள்ளைக்கு நீங்களே எடுக்கப் போகிறீர்கள் என்றாலும், என்னை மாதிரி வார இறுதியில் எடுத்துக் கொடுக்க ஆசை என்றாலும், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம்மூரில் 'சீனியர்' என்றால் காலேஜும் ராகிங்கும் ஞாபகம் வரும். இங்கே ஹைஸ்கூல் கடைசி வருடப் பிள்ளைதான் சீனியர். இயர்புக் என்னும் பள்ளி ஆண்டு மலரில் போடும் படத்தைப் பெரும்பாலும் பள்ளி ஏற்பாடு செய்த ஸ்டுடியோவே எடுத்துவிடும். பெண்களுக்குத் தோளில் கறுப்புத் துணி, பையன்களுக்கு முன்பக்கம் மட்டும் இருக்கிற கோட்டு. அது ஒப்புக்கு. நான் சொல்வது குடும்பம் தனியாக எடுத்துக்கொள்ளும் படங்கள். பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து அக்டோபர், நவம்பர் வரை ஒரு சீசன். மார்ச், ஏப்ரலில் தொப்பியும் அங்கியுமாக இன்னொரு சீசன். கிராஜுவேஷன் அழைப்பிதழிலும் பாட்டி வீட்டுச் சுவரிலும் போய் உட்காரப்போவது இதுதான். சில பள்ளிகள் இயர்புக்குக்கும் வெளியில் எடுத்த படத்தை ஏற்றுக்கொள்ளும். ஆனால் பின்னணி, அளவு, கடைசித் தேதி என்று ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு விதி. அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வேலை ஆரம்பிப்பது கேமராவில் இல்லை, போனில். அம்மாவிடம் தேதியும் காசும் பேசி முடித்ததும், "இப்ப போனைத் தம்பிகிட்ட கொடுங்க" என்பேன். அம்மாக்கள் சொல்லும் பட்டியல் எனக்கு மனப்பாடம்: ஹானர் சொசைட்டி, செஸ், பரதம், ரோபாட்டிக்ஸ், வாலன்டியர் மணிக்கணக்கு. காலேஜ் அப்ளிகேஷனுக்கு அது சரி. எனக்கு அது எதுவும் உதவாது. பிள்ளையிடம் 'உன் ஹாபி என்ன' என்று கேட்டாலும் அதே பட்டியல்தான் திரும்பி வரும். அதனால் வேறு மாதிரி கேட்பேன். உன் ரூம் தரையில் இப்போ என்ன கிடக்கிறது? கடைசியாக எதற்குத் திட்டு வாங்கினாய்? ராத்திரி பதினொரு மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பாய்? யாரும் சொல்லிக்கொடுக்காமல் உன் கைக்குத் தெரிந்த வேலை எது?

இந்தக் கடைசிக் கேள்விக்கு முதல் பதில் எப்போதும் "ஐ டோன்ட் நோ, ஆன்ட்டி." பேசாமல் இருங்கள். பத்து விநாடியில் இரண்டாவது பதில் வரும். அதுதான் வேண்டியது. ஒரு பெண் தன் பழைய கொரோலாவுக்குத் தானே ஆயில் மாற்றுவாள் என்று அப்படித்தான் தெரிந்தது. இன்னொரு பையன் தங்கைக்குத் தினமும் தலை பின்னி விடுகிறான். அம்மாவுக்கு நைட் ஷிப்ட். பள்ளி பேண்டில் டிரம் அடிக்கும் ஒரு பையன் விரல்களில் வெள்ளை டேப் சுற்றும் விதமே தனி அழகு.

என் முறை மொத்தமும் இதுதான்: பிள்ளையின் கைக்குப் பழகிய ஒரு வேலையை கொடுத்துவிடுவது. பதினேழு வயதில் கேமரா முன்னால் நிற்கிறவர்களுக்குப் பெரிய பிரச்சினை முகம் இல்லை, கைதான். எங்கே வைப்பது என்று தெரியாது. பாக்கெட்டில் விடுவார்கள், எடுப்பார்கள், காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்குவார்கள், கடைசியில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி விறைத்துப் போவார்கள். அந்த விறைப்பு தோளில் ஏறி, கழுத்தில் ஏறி, முகத்துக்கு வந்துவிடும். கைக்குப் பழகிய வேலை கிடைத்தால் தோள் இறங்கும், மூச்சு சீராகும். ஃபிலிப் ஹால்ஸ்மன் என்ற போட்டோகிராபர் 1950களில் பெரிய பெரிய ஆட்களை எல்லாம் குதிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். நிக்சனும் குதித்திருக்கிறார், விண்ட்சர் பிரபுவும் சீமாட்டியும் குதித்திருக்கிறார்கள். குதிக்கும்போது கவனம் குதிப்பதில் போய்விடும், முகத்தைக் காவல் காக்க ஆள் இருக்காது என்பது அவர் கணக்கு. நான் குதிக்கச் சொல்வதில்லை. கணக்கு ஒன்றுதான்.

பழகிய வேலை என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். கையில் ஒரு பொருளைக் கொடுப்பது வேறு, வேலையைக் கொடுப்பது வேறு. கால்பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பது பொருள். ஷூ லேஸை இரண்டு முறை சுற்றி இறுக்கிக் கட்டுவது வேலை. வயலினைத் தோளில் சாய்த்து நிற்பதைவிட, வில்லுக்கு ரோசின் என்ற பிசினைத் தேய்க்கும்போது எடுங்கள்.

இதற்கு லென்ஸ் கணக்கு ஒன்று இருக்கிறது. போர்ட்ரெய்ட் என்றதும் எல்லாரும் 85 மி.மீ. லென்ஸின் வாயை எஃப் 1.8 என்று அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு பின்னணியைக் கரைக்கப் பார்ப்பார்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (சென்சார் பழைய ஃபிலிம் அளவுக்கு இருப்பது) இரண்டு மீட்டர் தூரத்தில் அப்படி எடுத்தால் தெளிவாக வருவது சுமார் 6 சென்டிமீட்டர் ஆழம்தான். கண் பளிச்சென்று இருக்கும், கை கூழாகிவிடும். கை கூழானால் நாம் பட்ட பாடு வீண். நான் 35 மி.மீ. லென்ஸை, வாயைக் கொஞ்சம் சுருக்கி எஃப் 4இல் வைத்து, ஒன்றரை மீட்டர் தூரத்துக்குப் போய்விடுவேன். அப்போது முன்னும் பின்னுமாக 40 சென்டிமீட்டருக்கு மேல் தெளிவு கிடைக்கும். கையும் முகமும் இரண்டுமே நிற்கும். ஒரே எச்சரிக்கை, முகத்தைப் படத்தின் ஓரத்துக்குத் தள்ளாதீர்கள், இழுபட்டுவிடும். ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்குக் கீழே போகவே வேண்டாம். டிரம் குச்சி மாதிரி வேகமான வேலைக்கு 1/500 அல்லது 1/1000. வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி தட்டினால் ஒன்றும் குடி முழுகிவிடாது, கை அசைந்து போனால்தான் திருத்த முடியாது. 85ஐ வீட்டில் விட்டு வரச் சொல்லவில்லை. வெறும் முகம் மட்டும் எடுக்கும்போது அதற்கு நிகர் இல்லை. கடைசி அரை மணிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்: சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஆரம்பிக்கிறேன். டல்லாஸில் ஆகஸ்ட் முதல் வாரத்தில் மறைவு கிட்டத்தட்ட இரவு 8:20க்கு. அக்டோபர் நடுவில் 7 மணிக்குக் கொஞ்சம் முன்னால். நவம்பரில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்த பிறகு 5:30க்கே இருட்டு. ஸ்கூல் விட்டு வந்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றால் நவம்பரில் நடக்காது.

முதல் முக்கால் மணி நேரம் நிழலில். எனக்குப் பிடித்த ஸ்டுடியோ, வாடகையே இல்லாதது, எல்லார் வீட்டிலும் இருக்கிறது: கார் ஷெட். ஷெட் கதவை முழுக்கத் தூக்கிவிட்டு, பிள்ளையை வாசலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வையுங்கள். உள்ளே இருக்கும் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். வெளியே சிமெண்ட் தரையில் படும் வெளிச்சம் மேலே எழும்பி கண்ணுக்குக் கீழே இருக்கும் நிழலைப் போக்கிவிடும். பின்னால் ஷெட்டின் இருட்டு. கொரோலாக்காரப் பெண்ணை அங்கேதான் எடுத்தேன். ஆயில் ஃபில்டரைக் கழற்றியதும் முழங்கைவரை கறுப்பு எண்ணெய் வழிந்தது. அவள் முகத்தைத் துடைக்க வேண்டும் என்று அம்மா ஓடி வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

புல்தரையில் ஜாக்கிரதை. பச்சைப் புல்லில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நம் மாநிறத்தில் விழுந்தால் தாடைக்குக் கீழே காய்ச்சல்காரன் மாதிரி ஒரு பச்சை ஏறும். ஒரு வெள்ளைத் துணியைக் காலடியில் விரித்துவிட்டால் பாதி போய்விடும்.

நிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். "கொஞ்சம் கலர் ஏத்திக் கொடுங்க" என்று கேட்காத வீடு குறைவு. நான் செய்வதில்லை. அதை முதல் போனிலேயே சொல்லிவிடுவேன். ஃபிலிம் காலத்தில் கோடக் கம்பெனி பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும், ஷெர்லி கார்டு என்பார்கள். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று மெஷினைச் செட் பண்ணினார்கள். கறுத்தவர்களின் முகம் அடையாளமே இல்லாமல் அப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லெட் கம்பெனிகளும் தங்கள் சரக்கின் பழுப்பு சரியாக வரவில்லை என்று புகார் சொன்னதால்தான் ஃபிலிமைச் சரிசெய்யும் யோசனை வேகம் பிடித்தது என்று கோடக்கில் இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மனிதர் முகத்துக்காக அல்ல, மேஜைக்காக! இன்றைக்கு நம்மிடம் இருக்கும் கேமராவுக்கு அந்தக் குறை இல்லை. முகத்தில் படும் வெளிச்சத்துக்குக் கேமராவின் மீட்டரை வைத்து எடுங்கள், பின்னணி வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். ஒரு கிரே கார்டை, அதாவது சாம்பல் நிற அட்டையை, முதல் படத்தில் பிடிக்கச் சொல்லி, நிறம் மாறாமல் வர ஒயிட் பேலன்ஸைச் சரிபாருங்கள். சாயங்காலச் சூரியன் பக்கவாட்டில் பட்டால் மாநிறம் எப்படி மினுங்கும் என்று அந்த அம்மாவுக்கே திரையில் காட்டுங்கள். நான் காட்டியவர்களில் அதன் பிறகும் வெளுக்கச் சொன்னவர் ஒருவர்தான்.

டச்சப்புக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுவது எதுவோ அதை எடுப்பேன்: பரு, கொசுக்கடி. மச்சம், தழும்பு, பல்லில் கம்பி எல்லாம் இருக்கும், பிள்ளையே கேட்டால் ஒழிய.

உடுப்பில் ரொம்பப் பேச ஒன்றுமில்லை. மூன்று செட் போதும். அம்மாவுக்குப் பிடித்ததை முதலில் எடுத்துவிடுங்கள், அப்புறம் அவர் நிம்மதியாக இருப்பார். கடைசி செட் பிள்ளையுடையது. அந்தப் பழைய ஷூவைத்தான் போட்டுக்கொண்டு வர வேண்டும். விளையாட்டு, பேண்ட் மாதிரி எதிலாவது சாதித்தவர்கள் போடும் பள்ளிக் கோட்டான லெட்டர் ஜாக்கெட் என்றால் கம்பளி உடம்பு, தோல் கை. ஆகஸ்டில் 38 டிகிரியில் அதை மாட்டினால் ஐந்து நிமிடத்தில் பிள்ளை குளித்துவிடும். சூரியன் இறங்கிய பிறகு கடைசிப் பத்து நிமிடத்துக்கு வையுங்கள். டெக்சாஸில் ஹோம்கமிங் என்னும் பள்ளி விழா சமயத்தில் மம் என்று ஒன்று கட்டிக்கொள்வார்கள். துணிச் செவ்வந்திப் பூவைச் சுற்றி ரிப்பனும் மணியும் பொம்மையுமாக முழங்கால்வரை தொங்கும். வேறு ஊர்க்காரர்கள் பார்த்தால் சாமி வந்திருக்கிறதோ என்று நினைப்பார்கள். அதை மாட்டி நிற்க வைத்து எடுப்பதைவிட, முதல் நாள் ராத்திரி அம்மாவும் பெண்ணும் தரையில் உட்கார்ந்து க்ளூ கன்னும் கையுமாக ஒட்டிக்கொண்டிருக்கும்போது போய் எடுங்கள்.

முதல் இருபது நிமிடப் படங்கள் எதற்கும் ஆகாது. தெரிந்தே எடுங்கள். ஷட்டர் சத்தம் பழக வேண்டும். "சிரி" என்று சொல்லாதீர்கள், சொன்னால் பல் தெரியும், அவ்வளவுதான். வேலையைப் பற்றிக் கேளுங்கள், அதுவும் தெரியாத மாதிரி. "இந்த நட்டை எந்தப் பக்கம் திருப்பணும்?" ஆன்ட்டிக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும் பாருங்கள், அந்தப் பார்வைக்காகக் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்காமல் இருக்க வேண்டும்.

அப்பா, அம்மா பக்கத்தில் நின்று "நேரா நில்லு, கண்ணா" என்று சொல்வதை நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி, வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டரை அப்பா கையில் கொடுத்துவிடுவது. காற்றில் அது கப்பல் பாய் மாதிரி இழுக்கும். பிடித்து நிற்கவே அவருக்குச் சரியாக இருக்கும். அவர் கைக்கும் ஒரு வேலை.

இடத்தைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. ரயில் தண்டவாளத்தில் மட்டும் வேண்டாம். இங்கே சீனியர் போட்டோ என்றாலே தண்டவாளம் என்று ஒரு மோகம் இருக்கிறது. அது அத்துமீறி நுழைந்த குற்றம் என்பது ஒருபுறம். வண்டி தண்டவாளத்துக்கு வெளியே இருபக்கமும் மூன்று அடியாவது நீண்டிருக்கும், பிரேக் போட்டாலும் நிற்க ஒரு மைல் ஆகும். இரண்டாவது, புளூபானெட். 1901இலிருந்து டெக்சாஸின் மாநிலப் பூ. மார்ச் கடைசியில் சாலையோரமெல்லாம் நீலமாக இருக்கும். பட்டமளிப்பு அங்கியோடு அதில் உட்கார வைக்காதவர் இல்லை. நானும் உட்கார வைத்தேன், ஒரு பெண்ணை, நெருப்பெறும்புப் புற்றின் மேல். பூவுக்கு அடியில் புற்று தெரியவில்லை. ஒரு நிமிடம்தான். தொடையெல்லாம் கொப்புளம். அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து காரில் ஒரு கம்பும் பழைய பெட்ஷீட்டும் உண்டு. கம்பால் தட்டிப் பார்க்காமல் யாரையும் எங்கேயும் உட்கார வைப்பதில்லை. அப்புறம், பூங்காக்களும் தோட்டங்களும் காசுக்கு எடுக்கிற போட்டோவுக்கு அனுமதியோ கட்டணமோ கேட்கலாம், முன்கூட்டியே போன் பண்ணுங்கள். பிள்ளைக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் படத்தை இணையத்தில் போடும் முன் பெற்றோரிடம் எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

போன வருடத்துக்கு முந்தின கோடையில் வந்த பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அம்மா கொடுத்த பட்டியலில் செஸ் கோப்பைகள். போனில் அவன் இரண்டாவது பதில்: "ஃபிஷிங், ஆன்ட்டி." சைவக் குடும்பம். பிடித்த மீனை முத்தம் கொடுக்காத குறையாகத் திருப்பி விட்டுவிடுவானாம். பதினேழு வயதானதும் டெக்சாஸில் மீன் பிடிக்க லைசன்ஸ் வேண்டும், பிறந்தநாள் பணத்தில் அதைத்தான் வாங்கினான். காலை ஆறு மணிக்கு ஒயிட் ராக் ஏரிக்குப் போனோம். செஸ் போர்டையும் அம்மா எடுத்து வந்திருந்தார். முதலில் அதை எடுத்தேன். ராஜா மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தான். அப்புறம் அவன் தூண்டில் பெட்டியைத் திறந்தான். நூலைக் கொக்கியின் கண்ணில் கோத்து, ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியை ஓட்டையில் விட்டு, எச்சில் தொட்டு நனைத்து, பல்லில் கடித்து இழுத்தான். முடிச்சை நனைக்காமல் இழுத்தால் நூல் சூடாகி பலம் போய்விடும் என்று எனக்குப் பாடம் வேறு. பல்லில் நூல், கண் முடிச்சில், பின்னால் ஏரியில் முதல் வெயில்.

அறுநூறு படத்தில் முப்பதைத் தேர்ந்து அனுப்பினேன். முதலில் பிள்ளைக்கு மட்டும், இரண்டு நாள் கழித்து அம்மாவுக்கு. எல்லாருக்கும் இப்படித்தான். சேர்ந்து பார்த்தால் பிள்ளை வாயே திறக்காது. அவன் நூல் படத்தைக் கேட்டான். அம்மா செஸ் படத்தைக் கேட்டார். கடைசியில் அழைப்பிதழில் நூல் படம், வீட்டுச் சுவரில் இரண்டும்.

அழைப்பிதழ் ஒன்று மன்னார்குடிக்குப் போனது. பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, போனில் மருமகளிடம் கேட்டாராம்: "என்னடி, பேரன் தையல் படிக்கிறானா?"